வெறும் காகிதம்

அன்புள்ள ஐயா,

ஜான் பேரி என்ற கப்பல் தலைவருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டுக் கொடுத்த கமிஷனைப் பற்றிப் படித்தேன். அமெரிக்கக் கடற்படையில் எண் 1 அதுதானாம். அப்படியென்றால் அந்தக் கடற்படையின் தந்தை இவரா, ஜான் பால் ஜோன்ஸா? கமிஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது? என் அக்காள் மகன் நம் மலேசியக் கடற்படையில் அதிகாரியாகி மாமன்னரின் தவுலியா, அதாவது நியமனப் பத்திரம், வாங்கப் போகிறான். வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டம். கடைசியில் எல்லாம் கையெழுத்துப் போட்ட வெறும் காகிதம்தானே?

– ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

தந்தை யார் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. கமிஷன் என்றால் நம் காதில் தரகு என்றுதான் விழும். 'அதிகாரி நியமன ஆணை' என்று எழுதுங்கள், போதும். அந்தக் காலத்துத் தமிழ் அரசர்கள் படைத்தலைவனுக்கு ஏனாதி என்று பட்டம் கொடுத்து மோதிரம் போட்டார்கள். அந்த மோதிரம்தான் ஆணை.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. ஒரு வாரமாக அப்பாவின் காகிதங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேரி அயர்லாந்தில் ஒரு ஏழைக் குத்தகை விவசாயிக்குப் பிறந்தவர். பிழைக்கப் போன நாடு அமெரிக்கா. 1794 ஜூனில் ஆறு போர்க்கப்பல்களுக்கு ஆறு தலைவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயர் அவருடையது. ஆனால் ஆணை கைக்கு வந்தது 1797 பிப்ரவரி 22-ல், பிலடெல்பியாவில். அன்று வாஷிங்டனின் பிறந்தநாள். அவர் அதிபர் பதவியை விட்டு இறங்கப் பத்து நாள்தான் பாக்கி. தேதியை மட்டும் 1794 ஜூன் 4 என்று முன்தள்ளிப் போட்டிருந்தார்கள். இடைப்பட்ட இரண்டே முக்கால் வருடம் பேரி சும்மா இருந்தாரா? 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற தன் கப்பலைப் பக்கத்தில் நின்று கட்டவைத்துக்கொண்டிருந்தார். வேலை முதலில், காகிதம் பிறகு. அந்த முன்தேதி என்ன சொல்கிறது தெரியுமா? நீ அன்றைக்கே எங்கள் ஆள்தான் என்று சொல்கிறது.

என் அப்பாவுக்கு அப்படி யாரும் முன்தேதி போட்டுத் தரவில்லை. கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது. பட்டர்வொர்த்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கினார், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை). எத்தனை கவுண்டர், எத்தனை படிவம், எத்தனை 'அடுத்த மாதம் வாங்க'! குடிமகனுக்கான நீல ஐசி வந்தபோது வயது அறுபத்தெட்டு. பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தலாம் என்றேன். "வேண்டாம்யா, பிடுங்கிக்கப் போறாங்க" என்று சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார்.

வெறும் காகிதம் என்று அவர் முன்னால் சொல்லியிருப்பீர்களா? காகிதத்துக்காகக் காத்துக் கிடக்காதவன்தான் அப்படிப் பேசுவான். அமெரிக்க ஆணைகளில் வழக்கமாக ஒரு வாசகம் வரும்: உன் நாட்டுப்பற்றிலும் வீரத்திலும் விசுவாசத்திலும் திறமையிலும் தனி நம்பிக்கை வைத்து உன்னை நியமிக்கிறேன். குத்தகைக்காரன் மகனைப் பார்த்து ஒரு நாடு இப்படிச் சொல்கிறது, தம்பி. உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று ஒருவன் வாழ்நாளில் ஒரு தரமாவது எழுத்தில் வாங்க வேண்டாமா? உங்கள் அக்காவை ஆர்ப்பாட்டம் பண்ண விடுங்கள். நீங்களும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.

2013 பொதுத்தேர்தல்தான் அப்பா போட்ட முதல் ஓட்டு. இந்த நாட்டில் பொதுத்தேர்தலுக்கு விரலில் மை வைத்ததும் அப்போதுதான். வீட்டுக்கு வந்ததும் இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அப்படியும் மறுநாள் சாயங்காலத்துக்குள் மை வெளுத்துவிட்டது. ஐந்தடியில் ஒரு கிழவர், ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் மட்டும் ஒரு கோடு மிச்சம் இருந்தது. அதைப் பார்க்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்.