யோகா வகுப்புக்கு ஏன் யாரும் வருவதில்லை?

கேள்வி: நான் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி. சில ஆண்டுகளாகவே செவிலியர்களும் இளம் டாக்டர்களும் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஊழியர் மனநலத்தில் எங்களுக்கும் அக்கறை உண்டு. யோகா வகுப்பு வைத்தோம். மன உறுதிப் பயிற்சி நடத்தினோம். மனநல ஆலோசகர் ஒருவரை நியமித்து, வசதியாக இருக்கட்டும் என்று நிர்வாக அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அறையும் ஒதுக்கினோம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தத் தலைமுறைக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைந்துவிட்டதா? தலைமை இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மூன்று காரியம் செய்திருக்கிறீர்கள். மூன்றிலும் மாற வேண்டியவர் ஊழியர்தான். யோகா கற்க வேண்டியவர் அவர், மன உறுதி வளர்க்க வேண்டியவர் அவர், ஆலோசகரிடம் போய் மனம் திறக்க வேண்டியவரும் அவரே. மருத்துவமனை மட்டும் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். கூரை ஒழுகும் வீட்டில் ஆளுக்கொரு குடை கொடுத்துவிட்டு, ஏன் யாரும் விரிக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

தலைமுறை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச கிளினிக்கில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், ஊழியர்களின் பர்ன்அவுட் (ஓயாத வேலை அழுத்தத்தில் உடலும் மனமும் கருகிப் போவது) பற்றிக் கட்டுரை எழுதியது 1974-ல். அவர் பார்த்த தொண்டர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். யாருக்கு இது சீக்கிரம் வரும் என்றும் அவர் எழுதினார்: அர்ப்பணிப்பு உள்ளவர்களுக்கு. கடமைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் அவ்வளவு எளிதில் கருகுவதில்லை. உங்களை விட்டுப் போனவர்களின் பட்டியலை எடுத்து, அதில் எத்தனை பேர் 'நல்ல ஸ்டாஃப்' என்று நீங்களே சொன்னவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. பணி சார்ந்த நிகழ்வு என்றுதான் வைத்திருக்கிறார்கள். சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்கிறது அதன் விளக்கம். சரி, பணியிடத்தைக் கையாள வேண்டியவர் யார்? அறையின் கதவில் யாருடைய பெயர்ப் பலகை இருக்கிறதோ அவர். ஊழியர் தன் மூச்சைக் கையாளலாம். வார்டைக் கையாளும் அதிகாரம் அவரிடம் இல்லை.

உங்களிடம் இருக்கிறது. அந்த அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், டியூட்டி லிஸ்டில் என்பேன். ஏதாவது ஒரு வார்டின் போன மாத லிஸ்டை வரவழைத்து, ஒருவருடைய பெயரை மட்டும் முப்பது கட்டங்களிலும் விரல் வைத்துப் பின்தொடருங்கள். ஈவினிங் டியூட்டி இரவு ஒன்பதுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேண்ட் ஓவர் கொடுத்து, பாதியில் நிற்கும் சார்ட்டை எழுதி முடித்து அவர் வெளியே வர ஒன்பதரை, பத்து. மறுநாள் அவர் பெயருக்கு நேரே காலை ஏழு மணி மார்னிங். நடுவில் தூங்கினாரா என்று லிஸ்டில் ஒரு கட்டமும் சொல்லாது. ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாளொன்றுக்குத் தொடர்ச்சியாகப் பதினோரு மணி நேர ஓய்வு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி. உங்கள் லிஸ்டில் அது எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது? அடுத்து, அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள். ஆஃப் என்று இருந்ததை அடித்து நைட் என்று எழுதியிருக்கும். அந்தத் திருத்தம் அவருக்கு எப்போது தெரிந்தது? முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் என்றால், அவருக்கு அந்த மாதம் ஆஃப் என்று ஒன்று இருந்தும் இல்லாததுதான். ஓய்வு நாளிலும் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதைச் சமாளித்த கணக்கில் ஊழியரின் உழைப்போடு நோயாளியின் உயிரும் சேர்ந்தே போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை லிண்டா ஐகனும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அந்தச் செவிலியர் பர்ன்அவுட் ஆகும் சாத்தியம் 23 சதவீதம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது. இரண்டும் ஒரே லிஸ்டிலிருந்து வருகிற எண்கள். கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2004 முதல் வார்டு வாரியாக ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற வரம்பு நடைமுறையில் இருக்கிறது. டாக்டர்கள் கதையும் வேறல்ல. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து நின்ற பயிற்சி டாக்டர்கள், அந்த நீண்ட டியூட்டி நீக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்ததாக 2004-ல் ஓர் ஆய்வு காட்டியது. யாருடைய மன உறுதியும் இதில் சோதிக்கப்படவில்லை. மாறியது டியூட்டி நேரம்.

இன்னொரு இடத்தைச் சொல்கிறேன். இதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம். ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில், 2017 அக்டோபரில், தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்த டாக்டர் மெலிண்டா ஆஷ்டன் ஊழியர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: கம்ப்யூட்டரில் நீங்கள் பதிவு செய்கிறவற்றில் எது வெட்டி வேலை? திட்டத்துக்கு வைத்த பெயரே ஏறக்குறைய 'முட்டாள்தனமானவற்றை ஒழிப்போம்' என்பதுதான். (நம் அலுவலகங்களில் இப்படி ஒரு சர்க்குலர் வந்தால் யாராவது டைப் அடித்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.) செவிலியர்கள் சொன்னவற்றில் ஒன்று, மணிக்கொரு முறை நோயாளியைப் போய்ப் பார்த்ததற்கான டிக். பார்ப்பது அவசியம், அதில் சண்டையில்லை. பார்த்தேன் என்று ஒவ்வொரு மணிக்கும் கம்ப்யூட்டரில் தட்டுவதால் யாருக்கு என்ன பயன் என்றுதான் கேட்டார்கள். ஒரு முறை தட்ட 24 விநாடி. அந்தக் குழுமத்தின் நான்கு மருத்துவமனைகளிலும் கூட்டினால் மாதம் சுமார் 1700 செவிலியர் மணி நேரம் இந்த டிக்குக்கே போயிருக்கிறது. எடுத்துவிட்டார்கள்.

இங்கே தலைமை செய்த காரியம் என்ன என்று யோசியுங்கள். ஒரு வேலையைக் குறைத்தது ஒரு பங்கு. எங்கள் உத்தரவிலேயே அபத்தம் இருக்கலாம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய பங்கு. உங்கள் மருத்துவமனையில் ஒரே ரத்த அழுத்தத்தை எத்தனை தாளில், எத்தனை திரையில் எழுதுகிறார்கள்? உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஒவ்வொரு ஆய்வுக் குழு வந்து போகும்போதும் ஒரு ஃபாரம் கூடும். கூட்டியதை யாரும் கழிப்பதில்லை. அமெரிக்க டாக்டர்களின் கூடவே இருந்து நேரம் குறித்த ஓர் ஆய்வில் (2016), நோயாளியோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் போவதாகத் தெரிந்தது. அவர்கள் மருத்துவம் படித்தது இதற்காகவா என்று அவர்களே கேட்டுக்கொள்ளும் நாளில்தான் ராஜினாமாக் கடிதம் மனதுக்குள் எழுதப்படுகிறது.

தலைமை என்றதும் நீங்கள் உங்களையும் உங்களுக்கு மேலே இருப்பவரையும் மட்டும் நினைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வார்டில் இருப்பவருக்குத் தலைமை என்றால் இன்சார்ஜ் சிஸ்டர். ஜூனியர் டாக்டருக்குத் துறைத் தலைவர். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைக் குழுமமான மேயோ கிளினிக்கில் 2,800-க்கும் மேற்பட்ட டாக்டர்களிடம் தங்கள் நேரடி மேலதிகாரிக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2015-ல் முடிவு வெளியானது. மொத்தம் அறுபது மதிப்பெண். மேலதிகாரி ஒரு மதிப்பெண் கூட வாங்கினால், அவருக்குக் கீழே இருப்பவர் பர்ன்அவுட் ஆகும் சாத்தியம் 3.3 சதவீதம் குறைவாக இருந்தது. என்ன கேட்டார்கள் தெரியுமா? என்னை மரியாதையாக நடத்துகிறாரா, என் கருத்தைக் கேட்கிறாரா, நடப்பதைச் சொல்கிறாரா, நன்றாகச் செய்தால் பாராட்டுகிறாரா, என் முன்னேற்றம் பற்றிப் பேசுகிறாரா. ஒன்றுக்கும் பட்ஜெட் தேவையில்லை.

நீங்கள் இன்சார்ஜ்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? சர்வீஸ் பார்த்து. துறைத் தலைவரை? கை ராசி பார்த்து, வருமானம் பார்த்து. ஆபரேஷனில் புலியாக இருப்பவர் ஜூனியரை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடுவார். 'அவர் சுபாவம் அப்படி' என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள், அவரால் வரும் நோயாளிகளை எண்ணி. அந்த ஒரு சலுகையில் ஊழியர் படித்துக்கொள்ளும் பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் மாற்றப் போவதில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் பாவம், வேறு வகை. ஆள் கேட்டால் மேலே இல்லை என்பார்கள், லீவு கேட்டால் கீழே அழுவார்கள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்க வைத்துவிட்டு அதிகாரம் மட்டும் கொடுப்பதில்லை. உங்கள் மருத்துவமனையில் யாராவது முதலில் கருகுவதாக இருந்தால் அது அவராக இருக்கலாம்.

மெமோ பற்றியும் ஒரு வார்த்தை. மருந்து மாறிப் போனது, அளவு தப்பியது போன்ற சம்பவம் நடந்தால் உங்கள் அலுவலகத்திலிருந்து முதலில் போவது விளக்கம் கேட்கும் கடிதம் என்றால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் என்று அர்த்தமில்லை, சொல்லப் பயமில்லை. தவறு செய்தவரும் அடிபட்டவர்தான் என்று டாக்டர் ஆல்பர்ட் வூ 2000-ல் எழுதினார். அன்று இரவு அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் அதே வார்டில் அதே மருந்து அலமாரி முன்னால் நிற்க வேண்டும். மெமோ பிறகு போகட்டும். முதலில் ஒரு மனிதர் போய் அவரைப் பார்க்கட்டும்.

உங்கள் மேலேயும் ஆள் இருக்கிறார், முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது புரிகிறது. சொல்லுங்கள். பழகிய ஒருவர் போய்ப் புதியவர் வந்து பழகும்வரை வார்டு படும் பாட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

யோகாவை நான் குறை சொல்லவில்லை. டாக்டர்களின் பர்ன்அவுட்டைக் குறைக்க நடந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. தனி மனிதரைக் குறிவைத்த முயற்சிகளுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. நிறுவனம் தன்னை மாற்றிக்கொண்ட இடங்களில் பலன் அதைவிடக் கூடுதல். கொஞ்சத்தை மட்டும் செய்துவிட்டுக் கூடுதலை எதிர்பார்த்தால் எப்படி?

ஆலோசகர் அறைக்கு வருகிறேன். நிர்வாக அலுவலகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே, யார் உள்ளே போகிறார், அழுத கண்ணோடு யார் வெளியே வருகிறார் என்று உங்கள் எச்.ஆர். ஆள் நாற்காலியிலிருந்தே பார்க்கலாம். நியூயார்க்கில் அவசரச் சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் லோர்னா பிரீன், கோவிட் முதல் அலையின் நடுவே, 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடுமோ என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2022-ல் மருத்துவ ஊழியர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஒரு பிரிவுக்கே தலைவராக இருந்தவருக்கு அந்தப் பயம் என்றால், கான்ட்ராக்டில் இருக்கும் செவிலியர் உங்கள் கதவைத் தாண்டிப் போய் அந்த அறைக்குள் நுழைவாரா? அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். வந்தவர் பெயர் உங்களுக்கு வராது என்று எழுதிக் கொடுங்கள். டியூட்டி நேரத்திலேயே போய்வர விடுங்கள்.

கடைசியாக, போனவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களையே கேட்டீர்களா? ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் மருத்துவமனையில் சம்பளம் வாங்காத ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொண்டு வருவதைப் படிக்கும்போது இன்சார்ஜையோ துறைத் தலைவரையோ அறைக்குக் கூப்பிடாதீர்கள். முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள்.