அடுத்த நாள் சிரித்தவளின் புகைப்படம்

வணக்கம் சகோதரி. ஒரு நடிகையின் புகார் தொலைக்காட்சியில் ஓடியபோது, "அடி வாங்கியவள் மறுநாளே அவனோடு சிரித்துப் படம் எடுத்துக்கொள்வாளா?" என்று உங்கள் மாமியார் கேட்டதாகவும், கணவனின் அடிக்குத் தப்பிக் கும்பகோணத்தில் உங்களுடன் தங்கியிருக்கும் தங்கை அன்றிலிருந்து யாருடனும் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் புகாரை நீதிமன்றம் விசாரிக்கட்டும். ஆனால் சிரிப்பும், தாமதமாகப் புகார் சொல்வதும் பொய்க்கு அடையாளம் ஆகா. ஆபத்து வரும்போது உடல் எதிர்க்கலாம், ஓடலாம், மரத்துப்போய் நிற்கலாம், அடிப்பவனைச் சமாதானப்படுத்தி அந்த இரவைக் கடத்தலாம். இவை நிதானமாக யோசித்து எடுக்கும் முடிவுகள் அல்ல. ஆடிப்பெருக்கன்று மயிலாடுதுறைப் படித்துறையில் எடுத்த படமொன்றில் என் அக்கா மஞ்சள் கயிற்றுடன் சிரிக்கிறாள். முந்தின இரவு வாங்கிய அடியில் அவளால் இடக்கையைத் தூக்க முடியவில்லை என்பது எங்களுக்கு ஏழு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அந்தப் படத்தை இன்றும் என்னால் பார்க்க முடிவதில்லை.

மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். நீங்கள் முதலில் தங்கையிடம் சென்று, "நீ சொன்னதை நான் நம்புகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நடந்ததை மீண்டும் விவரிக்கச் சொல்லாதீர்கள். நாள் கடந்துவிட்டதென்று அவர் அஞ்சினால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்டு மனுச் செய்ய ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியதைக் கூறுங்கள். அவர் விரும்பும் நாளில் மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.