ஓரிக்ஸ் அழிஞ்சுதா, இருக்கா?

கேள்வி: கட்டார்ல வேலை செய்யுற அண்ணா போன கிழமை வட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினவர், வெள்ளை வெள்ளையா மான் கூட்டம், ஓரிக்ஸாம். டியூஷன் சேர் சொல்றார் அது எப்பவோ அழிஞ்சு போச்சு எண்டு. ஆர் சொல்றது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரெண்டு பேருமே சரி தங்கச்சி, சேர் மட்டும் 1972லயே நிண்டுட்டார். காட்டில மிஞ்சின கடைசி அராபிய ஓரிக்ஸை ஓமான்ல சுட்டது அந்த வருஷம்தான். ஜீப்பும் ரைஃபிளும் வந்த பிறகு அது எங்க ஓடுறது, மறைய ஒரு மரம் இல்லாத வெளி, உடம்போ வெள்ளை வெளேரெண்டு. நல்லகாலத்துக்கு 1962லயே சிலதை உயிரோட பிடிச்சு அமெரிக்காவில ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிட்டாங்க, அங்கயும் இதே வெயில்தானே. அங்க இங்க இருந்ததையும் சேர்த்து 9 மிருகத்தில தொடங்கின மந்தை, அதின்ட வம்சத்தைத்தான் 1982ல திரும்ப ஓமான்ல விட்டாங்க. காவலுக்கு ஹராசிஸ் எண்ட அந்த ஊர் பெடுவின் (பாலைவன நாடோடி) ஆக்களையே வச்சாங்க.

அந்தப் படத்தைப் பெருசாக்கி குளம்பைப் பாருங்கோ, மணல்ல புதையாம நல்லா அகண்டிருக்கும். கொம்பு நேரா, நீட்டா, பக்கவாட்டில பார்த்தா ஒண்டு மாதிரியே தெரியும். கட்டுநாயக்கவில கட்டார் ஏர்வேஸ் பிளேன் வால்ல இருக்கிறதும் இவர்தான்.

எனக்கு வயிறெரியிறது அதுக்குப் பிறகு நடந்த கதையில. ஓமான்ல 1996ல 450 அளவில இருந்தது 2007ல வெறும் 65. இறைச்சிக்கு இல்ல, காசுக்காரர் வீட்டில வளர்க்க எண்டு களவா உயிரோட பிடிச்சு வித்திருக்கிறாங்க. இது காணாதெண்டு எண்ணெய் தேட அங்க இருந்த ஓரிக்ஸ் சரணாலயத்தையும் 90% வெட்டிக் குறைச்சாங்க, யுனெஸ்கோ 2007ல உலக மரபுரிமைப் பட்டியல்ல இருந்தே அந்த இடத்தைத் தூக்கிட்டுது, அப்பிடித் தூக்கின முதல் இடமும் அதுதான்.

சவூதி, எமிரேட்ஸ்லயும் விட்டபடியா 2011ல, எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில இருக்கெண்டு சொல்ற உலக சிவப்புப் பட்டியல்ல ஒரு படி நல்ல பக்கம் வந்து 'பாதிப்புக்குள்ளாகக் கூடியது' எண்டு மாறிச்சு. அந்த நேரக் கணக்கில காட்டில 1,000 அளவு, அடைப்புக்குள்ள 6,000க்கு மேல. கட்டார்ல கூடுதலா வேலி போட்ட இடங்கள்லதான், ஷஹானியா மாதிரி. அண்ணான்ட படத்தில பின்னால கம்பி தெரியுதோ எண்டு ஒருக்கா பாருங்கோவன்.