கானாவுக்குப் பக்கத்தில் எதை வைப்பது? மாதப் பாட்டுப் பட்டியல் பற்றி ஒரு பதில்

கேள்வி: பல வகை இசையையும் பல காலத்துப் பாடல்களையும் கலந்து மாதம் ஒரு பட்டியல் தயாரிக்க ஆசைப்படுகிறேன். எல்லாம் எனக்குப் பிடித்த பாடல்கள்தான். ஆனாலும் வரிசையாகக் கேட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. நீங்கள் எப்படித் தொகுக்கிறீர்கள்?

பதில்:

பாடல்களைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை, எதற்குப் பின் எது என்று யோசிப்பதற்கு ஒதுக்குங்கள். வடசென்னை ராயபுரத்திலிருந்து மாதாமாதம் உறவினருக்கும் நண்பருக்கும் நான் ஒரு பட்டியல் அனுப்புகிறேன். எங்கள் வடசென்னைத் தெருப் பாட்டான கானா, கீர்த்தனை, ஜாஸ், பழைய சினிமாப் பாட்டு எல்லாம் அதில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பாடல்களுக்கு நடுவே ஏதாவது ஓர் உறவு இருந்தால் போதும், கேட்பவர் எந்த நாட்டுக்கும் எந்த ஆண்டுக்கும் கூடவே வந்துவிடுவார்.

முதலில் அளவு. 60 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். என் சித்தப்பா வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் பாடல் பெயர்களை எழுதி எடுத்துப் போவார். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பாட்டின் நிமிடத்தையும் பென்சிலால் குறித்துக் கூட்டிப் பார்ப்பார். பக்கத்துக்கு 30 நிமிடம்தான், கூடினால் கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். எதை விடுவது என்ற அந்தக் கணக்குதான் அவருடைய கேசட்டுகளுக்கு ஒரு வடிவம் கொடுத்தது. போனில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் பட்டியல் வீங்கிவிடுகிறது. நான் இன்றும் இரண்டு பக்கமாகவே பிரித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தொடக்கமும் தனி முடிவும் உண்டு.

இனி உறவைப் பற்றி. நான் முதலில் பார்ப்பது தாளக் கணக்கை. எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானாவில் பல, ஆறு எண்ணிக்கையில் ஓடுபவை. அதே ஆறில் ஓடுகிறது இங்கிலாந்தின் 'தி அனிமல்ஸ்' குழு 1964இல் வெளியிட்ட 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. கானா முடிந்ததும் அதன் கிட்டார் தொடங்கும்போது கை தட்டுவதை நிறுத்த வேண்டியதே இல்லை, அதே அடியில் தொடரலாம். பொருளும் பொருந்துகிறது. அங்கேயும் வாழ்க்கை வீணாய்ப் போனதைச் சொல்லித்தான் ஒருவன் புலம்புகிறான். அந்தக் குழு வந்த நியூகாஸில் நிலக்கரிக்குப் பேர்போன துறைமுக நகரம். எண்ணூரில் நிலக்கரி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பு அந்நியமாகத் தெரிவதில்லை.

ஐந்து எண்ணிக்கைக்கும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'பரிதானமிச்சிதே' கண்ட சாபு தாளம்: தக, தகிட, அதாவது இரண்டும் மூன்றும். டேவ் புரூபெக் ஜாஸ் குழுவின் 1959ஆம் ஆண்டு 'டேக் ஃபைவ்' அதே ஐந்தைத் திருப்பிப் போடுகிறது: தகிட, தக. அடுத்தடுத்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணிப் பாருங்கள். முதல் சில சுற்றுகளில் விரல் தடுமாறும், பிறகு தானே பிடித்துக்கொள்ளும். ஜாஸ் என்றாலே ஒதுங்கிப் போகிற என் அக்கா, இந்த வரிசையில்தான் அதை முதன்முறையாகக் கடைசிவரை கேட்டாள்.

சில நேரம் தாளத்தைவிடச் சொல்லும் பொருளே வலுவாக இணைக்கும். கந்தகோட்டத்து முருகன் மேல் வள்ளலார் பாடிய 'ஒருமையுடன் நினது திருமலரடி' முதலில். அடுத்து நாகூர் ஹனிஃபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்'. மூன்றாவது, அமெரிக்கக் கிறிஸ்தவப் பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடிய 'டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்'. ஏந்திய கையும், பிடித்து நடத்தச் சொல்லி நீட்டிய கையும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அந்த மூன்றாவது பாடலை 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா பாடினார். கந்தகோட்டத்திலிருந்து, முஸ்லிம்கள் நிறைய வாழும் மண்ணடி நடந்து போகிற தூரம்தான். இந்த மூன்றையும் நான் ஒருபோதும் பிரித்து வைப்பதில்லை.

இரண்டாம் பக்கத்தைத் தொடங்க எனக்குப் பிடித்தவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள், அதாவது ஐரோப்பிய மெட்டுகளை ஒட்டிய சிறு பாடல்கள். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் அவர் வீட்டார் வடசென்னைப் பக்கத்து மணலியில் வாழ்ந்த காலத்தில், கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசை அவர் காதில் விழுந்தது. இங்கிலாந்து ராஜ வாழ்த்து மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' அமைந்திருக்கிறது. அதன் பின்னால் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் (Bach) தியாகராஜரையும் ஒன்றாக நினைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒன்று. கலவை இசை வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால், மணலி இங்கேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய சென்னை இசைக்குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே பாட்டுக்குள் இணைத்தது. அதுவும் இந்த வரிசைக்கு ஏற்றது.

ராக ஒற்றுமையை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலையை' (1944), 'ஆடல் கலையே' (1985), 'உதயா உதயா' (2004) மூன்றும் சாருகேசி ராகம். வரிசையாக வைத்தால் பாடம் நடத்துவது போல ஆகிவிடும். நான் ஒன்றை முதல் பக்கத்திலும் ஒன்றை இரண்டாம் பக்கத்திலும் வைப்பேன். எங்கேயோ கேட்ட சாயல் என்று கேட்பவர் தாமே கண்டுபிடிக்கட்டும்.

பழைய இசைத்தட்டின் மெல்லிய ஒலிக்குப் பின் புதிய பதிவு வந்தால் சத்தம் திடீரென்று அறையும். நடுவில் தனி வீணையோ புல்லாங்குழலோ வையுங்கள், காது பழகிக்கொள்ளும்.

கானாவைப் பற்றி இன்னும் ஒன்று. நல்ல கானா பெரும்பாலும் செயலிகளில் கிடைக்காது. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு துக்க வீட்டில் யாரோ போனில் பதிந்ததுதான் கைக்கு வரும். அதில் இறந்தவரின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இருக்கும். பாடியவரிடமும் அந்த வீட்டாரிடமும் கேட்டுவிட்டுச் சேருங்கள். வேண்டாம் என்றால் அந்த ஆறு எண்ணிக்கைக்கு வேறு பாட்டு தேடிக்கொள்ளலாம்.