தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று கீமோ முடிந்திருக்கிறது. பத்து மணி நேரம் தூங்கினாலும் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தாலே உட்கார வேண்டியிருக்கிறது. ‘படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் கெடும்’ என்கிறார் மாமியார். நான் சோம்பேறியாகிவிட்டேனா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லையம்மா. அந்த வார்த்தையை முதலில் விட்டுவிடுங்கள். வேலை செய்து களைத்த உடம்பு ஒரு தூக்கத்தில் தேறிவிடும். கீமோ தரும் களைப்பு அப்படிப் போகாது. அந்த மருந்து, ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே தாக்குகிறது. சிவப்பணுக்கள் குறைகின்றன. சரியாகச் சாப்பிட முடியாதது, வலி, மனக்கவலை எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

நம் பெண்கள் பலர் டாக்டர் கேட்டால் ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குக்கர் விஷயத்தை எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு குறைந்திருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. நீங்களாக இரும்புச்சத்து டானிக்கோ லேகியமோ வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் களைப்பு எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். பலருக்கு கீமோ போட்ட பிறகு சில நாட்கள் மோசமாக இருக்கும், அடுத்த கீமோ நெருங்கும்போது கொஞ்சம் தெளியும். தெளிந்த நாளில் சேர்ந்துபோன துணியையெல்லாம் துவைத்துத் தீர்க்கத் தோன்றும். வேண்டாம், மறுநாள் எழ முடியாது. காய் நறுக்குவதைக்கூட உட்கார்ந்தே செய்யுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும்.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மெதுவான நடை இந்தக் களைப்பைக் குறைக்கும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சென்னை வெயில் ஏறும் முன் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடங்கள். மாமியாரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலும், தலை சுற்றி விழப் பார்த்தாலும் அப்படித்தான்.

அப்புறம், இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். அடுத்த கீமோ முடிந்த அந்த முதல் சில நாட்களுக்கு அடுப்படியை யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.