ஜார்ஜ் ரைட்: 0.633 என்று எழுதலாமா?

கேள்வி: பள்ளி வினாடி வினாவுக்காக அமெரிக்காவின் பழைய பேஸ்பால் வீரர் ஜார்ஜ் ரைட்டைப் பற்றிக் குறிப்பு எடுக்கிறேன். பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமான அடி என்ற கணக்கு) ஓரிடத்தில் 0.633, இன்னோரிடத்தில் வாழ்நாள் சராசரி அதில் பாதிகூட இல்லை. மேலாளராக ஒரே ஆண்டுதான் இருந்தார் என்பதும் உண்மையா?

பதில்: மூன்றும் உண்மைதான். ஆனால் சராசரிகளை ஒரே வரியில் சேர்த்து எழுதாதீர்கள்.

0.633 என்பது 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸுக்காக அடித்தது. எல்லோருக்கும் சம்பளம் என்று வெளிப்படையாக அறிவித்த முதல் அணி அது. ஜார்ஜுக்கு 1,400 டாலர். அணித்தலைவரான அண்ணன் ஹாரிக்கே 1,200தான்! எதிரில் நின்றவர்களில் பலர் அமெச்சூர்கள், பந்தும் கையைத் தாழ்த்தி வீசப்பட்டது. ஆகவே மூன்று வரிசை போடுங்கள்: 1869-70 தனியாக, 1871-75 நேஷனல் அசோசியேஷன் என்ற தொழில்முறைப் போட்டித்தொடர், 1876 முதல் அதற்குப் பின் வந்த நேஷனல் லீக். நடு வரிசையை மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால்) நிர்வாகம் இன்றும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களைக் குழப்பியது இந்தக் கலவைதான்.

என்னைக் கேட்டால், ஜார்ஜைப் போன்ற ஷார்ட்ஸ்டாப்பை, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய இடங்கள்) நடுவே நிற்கும் ஃபீல்டரை, மட்டையால் அளப்பதே தவறு. கையுறை இல்லாத காலம். 1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில், கூடுதல் இன்னிங்ஸில், எதிரணியினர் இருவர் பேஸில் நிற்க, உயர எழும்பிய எளிய கேட்ச் ஒன்றை ஜார்ஜ் வேண்டுமென்றே நழுவவிட்டார். கேட்ச் என்று நம்பி நின்ற இருவரும், பந்து பிடிபடாததால் அடித்தவருக்கு இடம்விட்டு அடுத்த பேஸுக்கு ஓட வேண்டியதாயிற்று, இருவரும் அவுட். இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் பிற்பாடு தனி விதியே வந்தது. அன்று அவர் அணி 8-7 என்று தோற்றது வேறு கதை.

மேலாளர் பொறுப்பு 1879இல், பிராவிடென்ஸ் கிரேஸில். 59 வெற்றி, 25 தோல்வி, முதலிடம். இரண்டாமிடம் அண்ணன் ஹாரியின் பாஸ்டனுக்கு. பிறகு ஏன் தொடரவில்லை? பாஸ்டனில் அவருக்கு விளையாட்டுப் பொருள் வியாபாரம் இருந்தது. அங்கேயே ஆட விரும்பினார். ஆனால் அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், ஐந்து வீரர்களை ஒவ்வொரு அணியும் தன்வசம் நிறுத்திக்கொள்ளலாம் என்று உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். பிராவிடென்ஸ் அவரை விடவில்லை. அவரும் பிடிகொடுக்கவில்லை; 1880இல் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்.

இன்னொன்று: சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சகோதரர்கள் இருவருமே இருக்கிறார்கள். ஜார்ஜ் தேர்வானது 1937இல், ஹாரி 1953இல். வினாவில் முதற்பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.