தொடர்புடைய பைண்டிங்குகளை எப்படிச் சேர்த்து நிர்வகிப்பது?

ஒரே மாட்யூலுக்குள் நூற்றுக்கு மேல் பைண்டிங் சேர்ந்துவிட்டது, எதை எதோடு சேர்த்துப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பழக்கமானது ஜாவாவும், ஒரு கிளாஸுக்குத் தேவையானவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து தரும் கூகுளின் ‘ஜூஸ்’ லைப்ரரியும்தான் (எழுத்தைப் பார்த்து ‘குய்ஸ்’ என்று படிப்பவர்கள் உண்டு, உச்சரிப்பு என்னவோ பழச்சாறுதான்). அதை வைத்தே சொல்கிறேன். எதைக் கேட்டால் எதைக் கொடுப்பது என்று ஜூஸுக்குச் சொல்வதுதான் பைண்டிங்; அவற்றின் தொகுப்பு மாட்யூல்.

நாங்களும் முதலில் வகை பார்த்துத்தான் பிரித்தோம். டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டவை ஒரு மாட்யூல், வெளிச் சேவைகள் ஒரு மாட்யூல், கன்ஃபிக் தனி. பார்வைக்கு அழகாக இருந்தது. சோதனைச் சர்வரில் அசலுக்குப் பதில் போலியைக் கொடுக்க ஆங்காங்கே ஒரு ‘இஃப்’ நிபந்தனை. பேமென்ட்டில் பணம் வாங்கும் கேட்வே, ரசீது, எஸ்.எம்.எஸ். ஆகிய மூன்று பைண்டிங்குகளும் சேர்ந்தே மாற வேண்டும். அவையோ மூன்று ஃபைல்களில் சிதறிக் கிடந்தன. ஒருவர் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டார். அந்த ஒருவர் நான்தான். போலி கேட்வே ஒரு ரூபாய் ‘வாங்கிக்கொண்டது’, அதற்கான எஸ்.எம்.எஸ். உண்மையான வாடிக்கையாளர்களுக்கே போய்ச் சேர்ந்தது. காலை முழுவதும் மன்னிப்புக் கேட்டோம்.

அதன்பிறகு வகையைப் பார்ப்பதில்லை, எவை சேர்ந்து மாறுகின்றன என்றே பார்க்கிறேன். அவை ஒரே மாட்யூலில் இருக்கும். பேமென்ட்டுக்கு அசல் ஒன்று, போலி ஒன்று என இரண்டு மாட்யூல்கள். எதை இன்ஸ்டால் செய்வது என்பது நிரல் தொடங்கும் மெயினில் ஓரிடத்தில் மட்டும் முடிவாகும். மாட்யூலுக்குள் ‘இஃப்’ கிடையாது.

அடுத்தது, பைண்டிங்குகளைத் தனக்குள்ளேயே மறைத்து வைக்கும் ‘பிரைவேட்மாட்யூல்’. 2009இல் வந்த ஜூஸ் 2.0 முதலே இருக்கிறது, ஆனாலும் பலர் தொடுவதில்லை. உள்ளே எத்தனை பைண்டிங் இருந்தாலும் ‘எக்ஸ்போஸ்’ செய்தது மட்டுமே வெளியே தெரியும். எங்களிடம் ஆர்டருக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று என இரண்டு டேட்டாபேஸ்கள். சாதாரண மாட்யூலில் டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் ‘டேட்டாசோர்ஸ்’ இரண்டாவதாக ஒன்று வந்ததுமே, இது ஏற்கெனவே இருக்கிறது என்று ஜூஸ் முரண்டுபிடிக்கும். தப்பிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் பெயர் ஒட்டி, பயன்படுத்தும் ஒவ்வொரு கிளாஸிலும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும். பிரைவேட்மாட்யூலில் அந்தத் தொல்லை இல்லை: ஒவ்வொன்றுக்கும் தன் டேட்டாசோர்ஸ் தன் வீட்டுக்குள், வெளியே வருவது ஆர்டர் ஸ்டோரும் அறிக்கை ஸ்டோரும் மட்டுமே.

இதில் ஒரு கண்ணி உண்டு. உள்ளே பயன்படும் ஒரு கிளாஸை நீங்களே பைண்ட் செய்யாமல் விட்டால், ஜூஸ் தானாக ஒரு பைண்டிங்கை உருவாக்கும். முடிந்தால் அதை, எல்லா மாட்யூலுக்கும் பொதுவான தாய் இன்ஜெக்டரிலேயே (பைண்டிங்குகளைப் பார்த்து ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தருவது இன்ஜெக்டர்) வைத்துவிடும். ஆளுக்கொன்று என்று நீங்கள் நம்பியிருக்கும் சிங்கிள்டன் கேஷ் (ஒரே ஒரு பிரதியாக உருவாகும் தற்காலிகச் சேமிப்பு), இரண்டு மாட்யூலுக்கும் பொதுவாகிப்போகும். இரண்டிலும் அதற்கு ஒரு பைண்ட் வரி எழுதிவிடுங்கள்.

ஒரு மாட்யூலின் பைண்டிங்குகளை இன்னொன்றைக் கொண்டு மாற்றிவிடும் ‘மாட்யூல்ஸ்.ஓவர்ரைடு’ எனக்குப் பிடிக்காது; சோதனைக் கோடில் மட்டும் அனுமதிப்பேன். மெயினில் இன்ஸ்டால் ஆகும் அதே மாட்யூல்களைக் கொண்டு இன்ஜெக்டரை உருவாக்கிப் பார்க்கும் ஒரு சோதனையும் வைத்திருக்கிறோம். நான்கு வரிதான். ஏதாவது பைண்டிங் விடுபட்டிருந்தால் பில்டே நின்றுவிடுகிறது.